புழுவுக்குப் பிடித்த தூண்டில்

ஊசி தன் வாழ்நாளில் இவ்வளவு சோகமாக இருந்ததே இல்லை. அதுவும் சம்பளத்துக்கு.

'வாழ்க்கை ஒரு இருட்டுக் கிணறு' என்று போனில் தட்டினான். கீழே ஓர் அழுகிற முகம் வைத்தான். போதாது என்று தோன்றவே இன்னும் இரண்டு முகங்களை அழவிட்டான்.

"யாராவது கடிச்சாங்களா?" என்று தலை நிமிராமலே கேட்டார் மேடம்.

"ஒருத்தன் வந்தான் மேடம். வழுக்கைக்கு எண்ணெய் விக்கிறானாம்."

மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவர். மின்விசிறி சுற்றினாலும் காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த இந்த ஒற்றை அறை அவருடைய துப்பறியும் அலுவலகம். கீழே மெஷின்கள் ஓட ஓட இங்கே தரை சுடும். ஊசி அவருடைய ஒரே உதவியாளன். ஆளும் ஒல்லி, நாக்கும் குத்தும் என்பதால் வந்த பெயர். அதற்கு முன் விசேஷ வீட்டு வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தான். சண்டை போட்ட சொந்தக்காரர்களைப் பக்கத்துப் பக்கத்தில் சிரிக்க வைப்பதில் பெயர் வாங்கியவன்.

கேஸ் கொடுத்துவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை.

அவர் பல்செட் செய்பவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பற்களை வார்த்துக் கொடுப்பார். ஒரே மகள், வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள், போன மாதம் ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு 'மெல்லொளி' என்ற கூட்டத்தோடு போய்விட்டாள்.

மெல்லொளிக்குக் கட்டடமும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. போனுக்குள்தான் இருந்தது. தூக்கம் வராதவர்களுக்கு மெதுவான குரலில் பேசுகிற சின்னச் சின்ன வீடியோக்கள். பிடித்துப்போய் இதயத்தை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் ஒரு 'விளக்கு' வந்து பேச்சுக் கொடுக்கும். விளக்கு என்றால் அவர்களுடைய ஆள். பேசிப் பேசி நெருங்கிய பிறகு 'வீட்டுக்கு வா' என்று அழைக்கும். அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் போனவர்களைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

"கரன்ட் போனா இந்த விளக்கெல்லாம் என்ன பண்ணும் சார்?" என்றான் ஊசி.

மேடம் அவனைப் பார்த்தார். ஊசி இன்னொரு அழுகிற முகம் வைத்தான்.

"போலீஸ்ல கேட்டேன் மேடம். மேஜரான பொண்ணு, இஷ்டப்பட்டுத்தானே போயிருக்குன்னாங்க," என்றார் பல்செட்காரர். பேசும்போது அவர் மேடத்தின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் எங்கேயோ தூரமா கூட்டிட்டுப் போறாங்களாம். பெரிய பயணம்னு வீடியோல சொல்றாங்க. போனையெல்லாம் வாங்கி வெச்சிடுவாங்களாம். அதுக்கு அப்புறம் நான் எங்கே போய்த் தேடறது?"

மேடம் எழுந்து வந்து ஊசியின் போனை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்தார்.

"மேடம், ரெண்டு நாள் சோகம்."

"நான் ஆள் பிடிக்கிறவளா இருந்தா உன்னைத் தொடக்கூட மாட்டேன்."

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஜாஸ்தியா இருக்கு. அதான் பிரச்சினை. இப்படி அழுது வழியற ஆளைக் கூட்டிட்டுப் போனா, அவங்கதான் உன்னை உக்கார வெச்சு ஊட்டி விடணும். அவங்களுக்கு வேலை செய்ய ஆள் வேணும். கெட்டிக்காரனா இருக்கணும். கொஞ்ச நாளா சும்மா இருக்கணும். கூட இருந்தவங்க எல்லாம் அவங்கவங்க வழியில போயிருக்கணும்."

பேசிக்கொண்டே தட்டினார். ஊசி எட்டிப் பார்த்தான். 'வீடியோ எடிட்டிங் தெரியும். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் நிறைய நேரம் இருக்கு. உருப்படியா ஏதாவது செய்யணும்.' ஒரு முகம்கூட அழவில்லை.

"மேடம், இது பொய் அக்கவுண்ட்தானே? எல்லாம் நிஜமா எழுதியிருக்கீங்க."

"பொய்யா எழுதினா நீ உளறிக் கொட்டுவ."

கீழ்க் கடையிலிருந்து வந்த டீ ஆறுவதற்குள் ஓர் இதயம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு விளக்கும் வந்தது. 'சின்ன விளக்கு' என்று பெயர். 'உங்க போஸ்ட் பார்த்தேன். இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?'

ஊசி திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அந்தக் கேள்வியை அவனிடம் கடைசியாகக் கேட்டது யார் என்று யோசித்தான். ஒரு பல்பொடிக் கம்பெனியின் கருத்துக் கணிப்பு ஞாபகம் வந்தது.

*

வாரம் பாதி கழிவதற்குள் 'உங்க' போய் 'உன்' வந்தது. ஊசியின் சட்டை இஸ்திரி போட்டு வர ஆரம்பித்தது. தலை வாரியிருந்தது. மேடம் பக்கம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"குடு அதை," என்றார் மேடம் ஒரு மத்தியானம்.

"எதுக்கு மேடம்?"

"கேஸுக்கு."

"அதுல பர்சனல் மெசேஜ் எல்லாம் இருக்கு."

"கேஸோட பர்சனல் மெசேஜ்தானே, குடு."

மேடம் தன் போனையும் பக்கத்தில் வைத்தார். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணாக அவரும் அதே மெல்லொளியில் வலை விரித்திருந்தது ஊசிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரோடு பேசியது வேறு ஒரு விளக்கு. இரண்டு போன்களின் திரைகளையும் ஒரே வேகத்தில் மேலே தள்ளினார்.

'இன்னைக்கு வானத்தைப் பார்த்தேன். ஏனோ உன் ஞாபகம் வந்துச்சு' என்றது ஊசியின் போன்.

'இன்னைக்கு வானத்தைப் பார்த்தேன். ஏனோ உன் ஞாபகம் வந்துச்சு' என்றது மேடத்தின் போன்.

"நான் இதுக்குப் பதில் எழுத ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றான் ஊசி.

"நான் 'ம்'னு போட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கு, பாரு."

வரிக்கு வரி அப்படியே இருந்தது. சாப்பிட்டியா, நீ மத்தவங்க மாதிரி இல்ல, உன் வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கிட்டிருந்தா நீ இப்படித் தனியா இருந்திருப்பியா. யாரோ ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை எல்லா விளக்குகளும் எரித்துக்கொண்டிருந்தன. துப்பறியும் உதவியாளன் அழக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்தாலும் மேடத்தின் முன்னால் வேண்டாம் என்று ஊசி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"இரு," என்றார் மேடம். "ஒரு இடம் மட்டும் மாறுது. போட்டோவைப் பாத்துட்டு ஏதாவது ஒண்ணை அவங்களாவே பாராட்டணும் போல. எனக்கு வந்ததைக் கேளு. 'உன் கண்ணு நிறைய கேட்டிருக்கு, கொஞ்சம்தான் பேசியிருக்கு.' ஊர்ல இருக்கற எந்தக் கண்ணுக்கும் பொருந்தும். உனக்கு என்ன வந்துச்சு?"

ஊசிக்கு அது மனப்பாடம். திரும்பாமலே சொன்னான். "'மேல் வரிசையில கோரைப்பல் லேசா உள்ளே திரும்பியிருக்கு. யார் சொன்னாலும் கம்பி கட்டி நேராக்கிடாதே. அது இருக்கறதாலதான் சிரிப்பு நிஜம்னு தெரியுது.'"

மேடம் ஊசியின் போனில் அவன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"போட்டோவுல இருக்கற பையனை எல்லாரும் எங்கே பார்ப்பாங்க?"

"கண்ணை. முடியை. என்னோடதுன்னா, பரிதாபமா சட்டையை."

"பல்லை யார் பார்ப்பா? அதுவும் எந்தப் பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு?"

ஊசி திரும்பினான். "பல் டாக்டர்."

"பல் டாக்டர் கம்பி கட்டச் சொல்லித்தான் பாப்பாரு, கட்டாதேன்னு ஏன் சொல்லப் போறாரு? அன்னைக்கு நம்ம பல்செட்காரர் வந்தப்போ என் மூஞ்சியில எங்கே பார்த்துப் பேசினாரு? அந்த வீட்ல ஆளைப் பாக்கறதே அப்படித்தான். அப்பாவும் பொண்ணும் இருபது வருஷமா பல்லோட உக்காந்திருக்காங்க."

ஊசி தன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். வானத்தைப் பார்த்து ஏனோ அவனை நினைத்தவள், அவர்கள் தேடிக்கொண்டிருந்த பெண்.

சாயங்காலம் பல்செட்காரர் வந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க பொண்ணை அங்கே யாரும் பூட்டி வைக்கல சார். அவ ஆள் பிடிச்சுக்கிட்டிருக்கா."

அவர் இரண்டு போன்களையும் வாங்கி வாசித்தார். கோரைப்பல் வரியில் விரல் நின்றது. மகள் குற்றம் செய்கிறாள் என்று கேள்விப்பட்ட தகப்பன் கோபப்படுவார், அழுவார் என்று ஊசி எதிர்பார்த்தான். அவர் மெதுவாக, "நல்லா பேசறாளா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா பேசறாங்க சார்," என்றான் ஊசி. இதில் மட்டும் அவன் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டா. நானும் பேசினதில்ல."

போன் அதிர்ந்தது. சின்ன விளக்கு. 'சனிக்கிழமை நேர்ல பார்க்கலாமா? உனக்குப் பிடிச்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன்.'

"நாம வீட்டைத் தேட வேண்டாம்," என்றார் மேடம். "வீடே நம்மைத் தேடி வருது."

*

சந்திக்க அவர்கள் சொன்ன இடம் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை. யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான தேர்வு. உட்கார சோபா உண்டு. ஏசி உண்டு. எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். தளம் முழுக்க நிஜ அறைகள் போலவே அமைத்திருந்தார்கள். படுக்கையறையில் போர்வை பாதி விலக்கியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் இருந்தன, அட்டையில் செய்த பழங்கள் இருந்தன. எல்லாவற்றிலிருந்தும் விலைச் சீட்டு தொங்கியது.

ஊசி ஒரு பச்சை சோபாவில் உட்கார்ந்தான். பின்னால் இருந்த மாடல் சமையலறையில், திறந்த அலமாரிக் கதவுக்குப் பின்னால் பல்செட்காரர். மேடம் கையில் டேப்போடு எல்லாக் கட்டில்களையும் அளந்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் தலையாட்டற வரைக்கும் நீங்க வெளியே வரக் கூடாது," என்று மேடம் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வந்தாலும் வீட்டுக்கு வான்னு சொல்லக் கூடாது. அந்த வார்த்தை இப்ப அவங்களோடது."

குட்டி வந்தாள். வெள்ளை உடை, தோளில் துணிப் பை. கூடவே வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி ஊசியைப் பார்த்து இதமாகப் புன்னகைத்துவிட்டு, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒதுங்கிக்கொண்டார். அவர் போய் நின்ற இடம் விளக்குகள் விற்கும் பகுதி. வேறு சமயமாக இருந்தால் ஊசி இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பான்.

"வந்துட்டே," என்றாள் குட்டி, போனில் எழுதுகிற அதே மென்மையோடு. "உன்னைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கு." பிறகு உதட்டை அதிகம் அசைக்காமல், வேறு குரலில், "சிரிங்க. அந்த அக்கா பாக்கறாங்க. நீங்க போலி அக்கவுண்ட்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும்," என்றாள்.

ஊசி சிரித்தான். முகத்தில் வேறு எதுவும் வரவில்லை.

"எப்படி?"

"மூணு வருஷத்துப் படம்னு வரிசையா போட்டிருக்கீங்க. எல்லாத்துலயும் தாடையில அதே பரு, அதே இடத்துல. அவ்வளவு நாள் ஒரு பரு இருந்தா டாக்டரைப் பாருங்க."

ஒரே நாளில் எடுத்த படங்களைப் பழையவை போல மாற்றிப் போட்டபோது, சொந்தக்காரர்களின் முகச் சுளிப்பையே மறைத்த எடிட்டருக்குச் சொந்தப் பரு தெரியவில்லை. ஊசி தாடையைத் தொட்டுக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"யாரையாவது கூட்டிட்டு வரதுக்குன்னாத்தான் வெளியே விடுவாங்க. நிஜமான ஆளா இருந்தா கூட்டிட்டுப் போயாகணும். அதுக்குத்தான் ஒரு பொய்யான ஆளா தேடிக்கிட்டிருந்தேன்." அவள் பையின் வாரைத் திருகினாள். "போலீஸ்னு நினைச்சேன். உங்களைப் பார்த்தா அப்படித் தெரியல."

"நன்றி." ஊசி தாடையிலிருந்து கையை எடுத்தான். "அந்தப் பல்லைப் பத்தி எழுதினது. அதுவும் எழுதிக் குடுத்ததா?"

"அது மட்டும் நானே எழுதினது."

ஊசிக்கு இந்த வேலையில் கிடைத்த முதல் போனஸ் அது.

"சரி, கிளம்பலாம்," என்றான். "பின் வாசல்ல ஆட்டோ நிக்குது."

"நான் வரல."

"ஏன்?"

"நான் மூணு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவங்களையும் ஏத்திட்டுப் போறாங்க. நீங்க போலீஸா இருந்தா வீட்டைக் காட்டிக் கொடுத்துட்டுத் திரும்பி உள்ளே போயிடலாம்னு வந்தேன். நான் மட்டும் வெளியே வந்து என்ன மூஞ்சியோட இருக்கறது?"

அப்போது அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தலையாட்டல் எதற்கும் காத்திராமல் பல்செட்காரர் வந்து நின்றார். குட்டியின் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறந்தார். சொல்லக் கூடாத வார்த்தை நுனியில் நிற்பது ஊசிக்கே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, சோபாவில் ஊசியைத் தள்ளி உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார்ந்தார்.

"யாரு அந்த மூணு பேரு?" என்றார்.

குட்டி அவரையே பார்த்தாள். பிறகு சொன்னாள். ஒரு தையல் கடையில் வேலை போன பெண். காதல் முறிந்த கணக்குப் புலி ஒருத்தன். ஹாஸ்டலில் யாரோடும் ஒட்டாத ஒரு மாணவி, தங்கச்சி மாதிரி. அப்பா ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார். மகள் பதில் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு வருஷத்தில் பேசாதது எல்லாம் விலைச் சீட்டு தொங்கும் சோபாவில் நடந்துகொண்டிருந்தது.

ஊசி பதறி விளக்குப் பகுதியைப் பார்த்தான். காவலுக்கு வந்த அக்கா இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவருடைய தோளில் சாய்ந்து மேடம் அழுதுகொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பிரிவுபசார விழாவில்கூடக் கண் கலங்காதவர். ஒரு மேஜை விளக்கை மார்போடு அணைத்தபடி, "எவ்வளவு பெரிய வீடு, ஒண்டியா இருக்கேன்மா. தூக்கமே வரல," என்பது காதில் விழுந்தது. பெரிய வீடு என்றதும் அக்கா மேடத்தின் முதுகைத் தடவும் வேகம் கூடியது.

"அங்கே ஒரு விளக்கு எண்ணெய் குடிச்சுட்டிருக்கு, நமக்கு நேரம் இருக்கு," என்றான் ஊசி. "அந்த மூணு பேரும் யார் சொன்னா கேப்பாங்க?"

"அவங்கவங்க விளக்கு சொன்னாத்தான். மத்தவங்க சொன்னா நம்பக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கோம்." சொல்லும்போதே குட்டியின் குரல் மாறியது. "புது ஆளை வரவேற்கத் துணைக்குக் கூப்பிடலாம். அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம். வீடு ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான்."

"அப்ப கூப்பிடுங்க. எழுதிக் குடுத்தவங்க பாஷையிலேயே."

அவள் போனை எடுத்தாள். கட்டை விரல்கள் பழகிய வேகத்தில் ஓடின. அப்பா எட்டிப் பார்த்து வாசித்தார்.

கணக்குப் புலி முதலில் வந்தான். ஊசியை நோக்கிக் கை நீட்டி, "உங்களைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கு," என்றான். குட்டி அவன் கையை இறக்கி உட்கார வைத்தாள். தையல்காரப் பெண் வந்ததும் குட்டி பேச ஆரம்பித்தாள். வானத்தைப் பார்த்தேன் என்று எழுதியபோது ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். தையல்காரப் பெண் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பளாரென்று அறைந்தாள். பல்செட்காரர் அசைந்தார். ஊசி அவர் முழங்காலில் கை வைத்தான். அறைந்தவள் கிளம்பிப் போகவில்லை. அதே சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அழுதாள்.

மாணவி மட்டும் வரவில்லை. குட்டி வாசலையே பார்த்தாள். விளக்குப் பகுதியில் மேடத்துக்குக் கண்ணீர் தீரும் நேரம் ஆகிவிட்டது போலிருந்தது.

"அவ வராம நான் எழுந்திருக்க மாட்டேன்," என்றாள் குட்டி.

"எழுந்திருக்க வேண்டாம்," என்றார் அப்பா.

கடைசியில் நகரும் படிக்கட்டில் மாணவியின் தலை தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அவள் தனியாக வரவில்லை. டெலிவரி கம்பெனியின் சட்டை போட்ட, கூச்சத்தோடு நடக்கிற ஓர் இளைஞனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"அக்கா, நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பேசினேன்," என்றாள் மூச்சு வாங்க. "என்னோட முதல் ஆள். உன்கிட்ட காட்டணும்னு நேரா இங்கேயே வரச் சொல்லிட்டேன்."

குட்டி அந்த இளைஞனைப் பார்த்தாள். மூன்று பேரைத் திரும்பக் கேட்டிருந்தாள். வட்டி போட்டு நான்காக வந்திருந்தது.

இளைஞன் சுற்றிலும் பார்த்தான். பச்சை சோபா, அதில் அழுத கண்ணோடு ஒரு பெண், தலை குனிந்த ஒருவன், அப்பா மாதிரி ஒரு பெரியவர். பின்னால் சாப்பாட்டு மேஜை, பழங்கள், இதமான வெளிச்சம். அவன் முகம் நெகிழ்ந்தது.

"இதுதான் வீடா?" என்று கேட்டான்.

எழுதிக் கொடுத்த வரிகளில் இதற்குப் பதில் இருந்தது. குட்டிக்கு அது நன்றாகவே தெரியும்.

"இல்ல," என்றாள். "இது விக்கிறதுக்கு வெச்சிருக்கு. உக்காருங்க. நான் இந்தப் பொண்ணை எப்படி ஏமாத்தினேன்னு முதல்ல சொல்றேன். அதுக்கப்புறம் அது உங்களை எப்படி ஏமாத்துச்சுன்னு அதுவே சொல்லும்."

மாணவியின் சிரிப்பு அணைந்தது. பல்செட்காரர் மெல்ல நகர்ந்து, சோபாவில் அவளுக்கும் இடம் பண்ணிக் கொடுத்தார்.